கழுத்து வரைக்கும் ஊற்றிய ஆயில்

எனக்கு அப்போதெல்லாம் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் வண்டிக்குள்ளேயே காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். நான் பானட்டைத் திறந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் ஆயில் திருடன் என்றார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு வாடகைக் கார் ஓட்டினேன். வண்டியின் சொந்தக்காரர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் முசேதான். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை.

இங்கிலீஷ் எல்லைக்குள் நுழையும் இடத்தில் சுங்கச்சாவடி இருந்தது. ஆயில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் விலை அதிகம். டின்னில் கொண்டுபோனால் வரி போடுவான். எஞ்சினுக்குள் இருப்பதை எவன் அளக்கப் போகிறான்? அதனால், அந்தப் பக்கம் ஆயில் வாங்காமலே ஓட்டிவிடலாம் என்று தினமும் காலையில் முசே தன் கையாலேயே புனல் வைத்து, எஞ்சினில் ஆயில் விடும் குழாயின் கழுத்து வரைக்கும் ஊற்றுவார். அளவுக் கம்பியில் இவ்வளவு போதும் என்று போட்டிருக்கும் கோடு எங்கோ அடியில் முழுகிக் கிடக்கும். சாவடிக்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாக அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“காலையில கழுத்து வரைக்கும் ஊத்தி அனுப்பறேன். சாயங்காலம் கோட்டுல வந்து நிக்குது. நடுவுல இருந்தது எங்க போச்சு? விழுப்புரத்துல வித்துட்டு வர்றியா?”

புதுச்சேரி என்ன பெரிய ஊரா? வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருட்டுப் பேர் வாங்கிய டிரைவரை இன்னொருவன் படியேற்ற மாட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கேயாவது ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தேன். நாலைந்து சொட்டுதான். பிளக்குகளைக் கழற்றினால் கரி பிடித்து, ஆயிலில் நனைந்திருந்தன. புகைக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன், பிசுபிசுவென்று கறை. ஆக, ஆயில் எஞ்சினுக்குள்ளேதான் எரிகிறது. முதலியார்பேட்டை மெக்கானிக் பிஸ்டன் ரிங்கு தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பட்டணத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. வண்டியைக் கிளப்பும் ஹாண்டிலை முன்னால் போட்டுச் சுற்றினால் நாலு சிலிண்டரும் கையை எதிர்த்து நின்றன. ரிங்கு தேய்ந்த எஞ்சின் அப்படி நிற்காது.

அப்புறம் ஓட்டும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் புகையையே பார்த்தேன். உள்ளே இருந்த சவாரிகள் ரோட்டைப் பார்க்கச் சொல்லித் திட்டினார்கள். ரெட்டியார்பாளையம் தாண்டும்போது நீலப் புகை மண்டும். விழுப்புரம் நெருங்க நெருங்கக் குறையும். திரும்பி வரும்போது புகையே இருக்காது. விழுப்புரத்தில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் கோட்டில் நின்றது. ஊருக்கு வந்து பார்த்தாலும் அதே கோடுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோட்டுக்கு மேலே ஊற்றியதை எஞ்சின் சிலுப்பி மேலே ஏற்றி எரித்துவிடுகிறது. தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இதை முசேயிடம் எப்படிச் சொல்வது? அவருடைய கெட்டிக்காரத்தனமே தப்பு என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பாரா? அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்கால் போனார். ஆயில் வைத்திருந்த அறையின் சாவி அவர் மனைவி மதாமிடம் இருந்தது. அந்த அம்மாளையே பக்கத்தில் நிற்கவைத்து, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றினேன். புகை நின்றது, பிளக்கு காய்ந்தது. முசே திரும்பி வந்தபோது டின்னில் ஆயில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம் நின்றது. முசே என் தோளில் கை போட்டுக்கொண்டு நாலு பேரிடம் சொன்னார்.

“இவன் ஆயில்ல கொஞ்சம் கைய வெச்சுட்டான். நான் கண்டிச்சேன், திருந்திட்டான். இப்ப ஒரு சொட்டு குறையறதில்ல. நானும் மன்னிச்சுட்டேன்.”

நான் அங்கேயே கோடு, கழுத்து, புகை எல்லாவற்றையும் கொட்டினேன். மதாமைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதிகமாக ஊற்றினால் அதிகமாகத்தானே இருக்கும் என்று முசே சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

மறுநாள் காலையில் சவாரிகள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முசே டின்னோடு வந்தார். கொஞ்சம் ஊற்றினார், கம்பியை உருவிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சரியாகக் கோட்டில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கழுத்து வரைக்கும் ஊத்தலியா முசே?” என்று கேட்டேன்.

“இது போதும். வண்டிய எடு.”

நேற்று நான் சொன்னதை முழுக்க நம்பித்தான் இருக்கிறார். அது தெரிந்ததும்தான் கோபம் தலைக்கேறியது.

“கோயில் வாசல்ல என்னைத் திருடன்னு சொன்னீங்க. அதே வாசல்ல, அதே ஆளுங்ககிட்ட இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் எடுக்கறேன்.”

அவர் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஹாண்டிலை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தேன்.