முட்டி மேல் கேழ்வரகு மூட்டை

எனக்கு அவள் அண்ணி, அவளுக்கு நான் அண்ணி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்களுடையது. என் அண்ணன் அவளைக் கட்டினான், அதே பந்தலில் அவளுடைய அண்ணன் என்னைக் கட்டினார். இதில் உள்ள சௌகரியம் ஊருக்கே தெரியும், சீர்வரிசை மிச்சம். இதில் உள்ள நரகம் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் என் அண்ணன் அவளுக்கு ஓர் அறை விட்டால், சேதி அடுத்த தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எனக்கும் ஓர் அறை விழும். என் புருஷனுக்கு அன்றைக்கு என் மேல் கோபம்கூட இருக்காது. அடித்துவிட்டு, சோறு போடு என்பார். அங்கே பட்டுப்புடவை எடுத்தால் இங்கேயும் ஒன்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி முப்பது வருஷம் ஒருத்தி கன்னத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு வாழ்ந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு எங்களுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. சர்க்கரைக்காக மாரண்டஹள்ளி பள்ளி மைதானத்தைச் சுற்றிவந்த எங்களை ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டார். மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் வயதுக்காரிகளோடுதான் ஓட வேண்டும், வாருங்கள் என்றார். வீட்டில் கேட்டோம். என் புருஷனும் அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்து, ஏதோ நிலத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரி யோசித்து, ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போறதா இருந்தா போங்க. ஒருத்தி வூட்ல உக்காந்தா இன்னொருத்தியும் உக்காரணும். நாளைக்கு இதை வெச்சு ரெண்டு வூட்டுக்கும் சண்டை வரக்கூடாது."

முதல் வருஷம் தருமபுரியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் நான் முதலில் வந்தேன், அவள் இரண்டாவது. சுடிதாரில் ஓடினோம், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. முடித்ததும் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள். அடேயப்பா, அந்தச் சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில் இல்லை, பிள்ளை பெற்றதில் இல்லை.

அதற்குத்தான் கண் பட்டதோ என்னவோ, இரண்டாம் வருஷம் வலது முட்டி வீங்கிவிட்டது. முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால் அது. தருமபுரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை தேஞ்சு போச்சும்மா. ஓடாதீங்க. நடங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் முட்டிக்கு இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று நான் நெகிழ்ந்துபோனேன். மடச்சி நான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள்தான் சொன்னாள். "அண்ணி, நடக்கறதுக்கும் போட்டி இருக்குதுங்க. அஞ்சு கிலோமீட்டர் நடை. டாக்டரே நடங்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் அதுலயே சேந்துக்கலாம்."

டாக்டர் சொன்ன நடை வேறு, இந்த நடை வேறு என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. வாத்தியார் மைதானத்தில் நடந்து காட்டியபோதுதான் புரிந்தது. நடைப்போட்டியில் முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதைத் தாண்டும்வரை, முட்டி மடங்காமல் நேராக இருக்க வேண்டும். மடங்கினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர் எழுதினால் வெளியே போ. என் முட்டியோ படுக்கையில் நீட்டினாலே நேராகாது, கீழே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். ஓடியிருந்தால் மடங்கிய முட்டியோடு எப்படியாவது ஓடித் தொலைத்திருப்பேன். உலகத்தில் இருக்கிற அத்தனை போட்டியிலும் முட்டியை மட்டுமே உற்றுப் பார்க்கிற போட்டியில் போய்ச் சேர்ந்திருந்தேன்.

"நேராக்கிடலாங்க அண்ணி" என்றாள் அவள்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுவாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலை எதிரே ஸ்டூலில் தூக்கி வைத்து, அந்தரத்தில் நிற்கிற முட்டி மேல் ஒரு சின்ன மூட்டை கேழ்வரகை வைப்பாள். கனம் அழுத்த அழுத்த முட்டி இறங்கும். அய்யோ அம்மா என்று கத்துவேன். "இன்னும் கொஞ்சம்ங்க" என்று சொல்லிக்கொண்டே, மூட்டை சரியாமல் பிடித்துக்கொண்டு டிவி பார்ப்பாள். வாரத்துக்கு வாரம் மூட்டை பெரிதானது. முடிந்ததும் விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடுவாள். நீவும்போது மட்டும் கை அவ்வளவு மெதுவாக இருக்கும். என் காலை அப்படி யாரும் தொட்டதில்லை. முப்பது வருஷம் இவளை வீணாகக் கரித்துக்கொட்டினோமே என்று ஒருநாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து, அவள் மூட்டையை எடுக்கவில்லை.

மாவட்டப் போட்டி அன்று காலையில் முட்டி கிட்டத்தட்ட நேராக இருந்தது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் நடந்தேன். அவள் முன்னால் போனாள், நான் பின்னால். போகப் போக முட்டிக்குள் சூடு ஏறியது. ஒரு நடுவர் மஞ்சள் தட்டியை என் முகத்துக்கு நேராகக் காட்டினார், அதில் மடங்கிய முட்டியின் குறி. அது எச்சரிக்கை. அப்புறம் ஓரத்தில் இருந்த பலகையில் என் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு, கொஞ்ச நேரத்தில் இன்னொரு சிவப்பு. எதிர்ப் பக்கத்துக் கேலரியில் நாலைந்து பையன்கள் என்னைப் போலவே இடுப்பை ஆட்டி நடந்து காட்டிச் சிரித்தார்கள். அப்போது அவள் என்னை ஒரு சுற்று முந்திப் போனாள். போகிற போக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலை நீட்டித் தொலைங்க அண்ணி" என்றாள். அந்த ஆத்திரத்தில் வேகம் எடுத்தேன். முட்டி மடங்கியது. தலைமை நடுவர் சிவப்புத் தட்டியோடு ஓடிவந்து என்னை ஓரம் கட்டினார்.

அவள் முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள்.

கேலரிக்குக் கீழே பெண்கள் துணி மாற்றுகிற இடத்துக்கு நொண்டிக்கொண்டே போனேன். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அவள் குரல். பொம்மிடியிலிருந்து வந்திருந்த ஒருத்தி கேட்டிருப்பாள் போல, "கூட வந்தவங்க யாருங்க, உங்க அக்காவா?"

"அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் பொண்டாட்டி. அந்த நொண்டி வரலன்னா என்னையும் வுட மாட்டாங்க. அதான் எண்ணெய் போட்டுப் போட்டு இழுத்துக்கிட்டு வரேன். எருமையை ஓட்டியாந்திருந்தாக்கூட இந்நேரம் நேரா நடந்திருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நொண்டி என்று சொன்னது எனக்கு உறைக்கவில்லை, நொண்டிதானே நான். எண்ணெய் போட்டுப் போட்டு என்றாளே, அதுதான் உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள், வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

வீட்டில் என் புருஷன் காலைப் பார்த்தார். "போதும், ஊரு சிரிச்சது. இனிமே வூட்ல கெட" என்றார். அன்று சாயங்காலமே அடுத்த தெருவில் என் அண்ணன் அவளிடம் சொல்லிவிட்டான், "என் தங்கச்சி வூட்ல உக்காந்துட்டா. நீ மட்டும் என்ன ஆட்டம் போடறது? நீயும் உக்காரு." மாநிலப் போட்டி அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் பாத்திரம் உடைகிற சத்தம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் எனக்கு முட்டி மாற்று ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மூட்டையோடு வந்து நின்றாள். பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோ பையனே, "கொஞ்சம் மெதுவா பண்ணுங்கம்மா" என்று இவளிடம் கெஞ்சினான். மெதுவாவது ஒன்றாவது! என் காலை அவள் தொடைக்கிடையில் இடுக்கிக்கொண்டு மடக்குவாள், நீட்டுவாள். தையல் போட்ட இடம் தெறித்துவிடும் போல இருக்கும். நாசமாப் போவ என்று வாய்விட்டே திட்டினேன். அவள் கண் என் முகத்துக்கு வரவே வராது, முட்டியிலேயே இருக்கும். மாதக்கணக்கில் ஒருநாள் தப்பாமல் வந்தாள். பெற்ற மகள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தெருவே மெச்சியது.

முட்டி நேராகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், சின்ன வயதில்கூட என் கால் இவ்வளவு நேராக இருந்ததில்லை. யாரும் இல்லாத நேரத்தில் மாட்டுக்கொட்டகை ஓரமாக வேகமாக நடந்து பார்த்தேன். சுருக்கென்று ஒரு குத்தல்கூட இல்லை. டாக்டர் மறுபடியும் அதையேதான் சொன்னார், "நடங்க."

போன மாதம் போட்டி அறிவிப்பு வந்தது. அவள் என் அண்ணனையே கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் புருஷன் கட்டிலில் இருந்தார். நான் கீழே பாயில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரே நடக்கச் சொல்லிட்டாருண்ணா" என்றாள் என் புருஷனிடம். "அண்ணிக்கு இப்ப ஒண்ணுமே இல்ல. நீங்களே கேளுங்க."

பிறகு என் பக்கத்தில் குந்தி, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லுங்க அண்ணி. உங்க கால்ல விழறேன். எனக்கும் வயசாகுது. இன்னும் எத்தினி வருசம் நடப்பேன்?"

எனக்கும் மைதானம் வேண்டும்தான். சுண்ணாம்புக் கோட்டில் போய் நிற்கக் கால் பரபரக்கிறது. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், இருவரும் போகலாம்.

"இன்னாடி?" என்றார் என் புருஷன். "வலி இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்க" என்றேன். "உள்ளுக்குள்ள வலிக்குதுங்க."

"அப்பறம் என்ன, வுடு" என்றான் என் அண்ணன். முடிந்தது.

அவள் என் காலைப் பார்த்தாள். பாயில் அது குச்சி மாதிரி நேராகக் கிடந்தது. கீழே ஒரு விரல் நுழைய இடமில்லை. வலிக்கவில்லை என்று இந்த ஊரில் என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"எண்ணெய் போட்டு நீவி வுடட்டுங்களா அண்ணி?" என்றாள்.

"போடுங்க" என்று காலை அவள் மடியில் தூக்கி வைத்தேன்.