டாக்டர் ஜூலியானாவைக் கூப்பிடுவது யார்

கையில் நரம்பே அகப்படாத பச்சைக் குழந்தைக்கு ஊசி ஏற்ற வேண்டும் என்றால், மலேசியாவில், ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில் எல்லாரும் தேடுவது டாக்டர் ஜூலியானாவைத்தான். ஒரே குத்து. குழந்தை வீறிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கைராசிக்காரி என்றார்கள். அவள் வாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம்.

அப்பா லாரன்ஸ் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர் அவள்தான். அவள் தொழில் பழகிய காலத்தில் பெரிய டாக்டர்கள் ஃபைலைத் தூக்கி முகத்தில் எறிவார்கள். கழிவறைக்குப் போய் அழுது, முகம் கழுவி, திரும்பி வந்து நின்று கற்றுக்கொண்டவள். அடியாத மாடு படியாது என்பது அவளுக்கு வெறும் பழமொழி இல்லை, பட்டுத் தெரிந்த பாடம். தனக்குக் கீழே வந்த இளம் டாக்டர்களையும் அப்படித்தான் பழக்கினாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கொடுமையே அதுதான். கெட்ட எண்ணம் உள்ளவர்களையாவது யாராவது ஒரு நாள் தட்டிக் கேட்பார்கள்.

குழந்தைகள் பிரிவின் தலைவர் டாக்டர் சந்திரசேகரன் ஓய்வு பெறப்போகிறார், அவர் நாற்காலி ஜூலியானாவுக்குத்தான் என்று பேச்சு. அதனால் பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். திரையில் வண்ண வண்ணப் படங்கள், நடுநடுவே கறிபாப் பலகாரம், கைதட்டல். "உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் உங்களுக்குப் பயப்படுகிறார்களா?" என்று பயிற்சியாளர் கேட்டார். ஜூலியானா எழுந்து, "பயம் இருந்தாத்தான் சார் தப்பு நடக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். கறிபாப் சாப்பிட்டுத் தலைவர் ஆகிவிடலாம் என்றால் இந்த நாட்டில் தலைவர்களுக்கா பஞ்சம்?

அதற்குப் பிறகுதான் ஹபீபா வந்தாள். ஏழு வயது. அவள் அத்தா சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் பரிமாறுகிறவர். அம்மா ருக்கையா மகள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. டெங்கிக் காய்ச்சல். வார்டைக் கவனித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் தனேஷ், இரத்தப் பரிசோதனையில் ஒரு எண் இறங்கியதைக் கண்டு பயந்து ஜூலியானாவுக்குப் போன் செய்தான். அவள் சாப்பாட்டை விட்டு ஓடி வந்து பார்த்தாள். அப்போதைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை, கட்டிலைச் சுற்றி எல்லாரும் நிற்கும்போது, அவள் அவனை வைத்து வாங்கிவிட்டாள்.

"டெங்கின்னா பிளேட்லெட் கொறையத்தான்லா செய்யும் தனேஷ். இது தெரியாம என்னத்த படிச்ச? இதுக்கெல்லாமா எனக்கு போன் பண்றது? அடுத்த தடவ முழு ரிசல்ட் கையில இல்லாம கூப்பிடாத."

தனேஷ் தலையை ஆட்டினான். காது மடல் சிவந்திருந்தது.

அன்று மதியம் ஹபீபாவுக்குக் காய்ச்சல் விட்டது. டெங்கியில் அதை நம்பக் கூடாது. உடம்பு குளிர்கிற நேரத்தில்தான் இரத்தத்தில் இருக்கும் நீர் கசிந்து நாடி அடங்கத் தொடங்கும். தனேஷ் நாடியைப் பிடித்துப் பார்த்தான். நன்றாக இல்லை. அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது. சொட்டு நீரைக் கொஞ்சம் கூட்டி வைத்தான், இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான், முடிவு வரட்டும் என்று காத்திருந்தான். ஜூலியானா பத்து நிமிடத் தொலைவில் வீட்டில் இருந்தாள். போன் அடிக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அவள் வந்து என்னென்னவோ செய்தாள். அந்தக் கைக்குக்கூட நரம்பு அகப்படவில்லை. எலும்பில் ஊசி ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், விடியவிடியப் பக்கத்திலேயே நின்றாள். மறுநாள் மதியத் தொழுகைக்கு முன் ஹபீபா போய்விட்டாள்.

பிறகு அந்தச் சாவைப் பற்றி விசாரிக்க நடந்த கூட்டத்தில் ஜூலியானா மேசையைத் தட்டித் தனேஷைக் கேட்டாள். "ஒரு மணி நேரம் எதுக்கு சும்மா இருந்த? வாயத் தொறந்து சொல்லு."

தனேஷ் பக்கத்தில் இருந்த மோனிக்கா, அவளும் புதிதாக வந்த டாக்டர்தான், திடீரென்று அழுதாள்.

"ரிசல்ட்டுக்காக மட்டும் இல்ல டாக்டர். ரிசல்ட் வந்தப்புறமும் யாரு போன் பண்றதுன்னு வன் டூ சோம் போட்டோம்."

குருவி, கல், தண்ணீர் என்று கையைக் காட்டி, முதலில் யார் ஓடுவது என்று முடிவு செய்வார்களே, மலேசியாவில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடும் அந்த விளையாட்டு. தோற்றவர் ஜூலியானாவைக் கூப்பிட வேண்டும்.

"எப்ப இருந்து?"

"நாங்க வர்றதுக்கு முன்னாலயே. சீனியர்ங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

புதிதாக வருகிறவர்களுக்கு மருந்து அலமாரி எங்கே, ஆக்சிஜன் எங்கே என்று காட்டும்போது இதையும் சொல்லிக் கொடுப்பார்களாம். வார்டு முழுக்கத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

ஜூலியானாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேறு எது வந்து பழக்கம்? பிறகுதான், இத்தனை வருடமாகத் தனக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் தாமதமாக வந்ததுதானோ என்ற நினைப்பு வந்தது. பயமாக இருந்தது. தொழிலுக்கு வந்த முதல் நாளில்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

எல்லாரும் போன பிறகு சந்திரசேகரன் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், ஆனால் வம்பு வேண்டாம் என்றே முப்பது வருடம் ஓட்டியவர்.

"இங்க பாரு ஜூலி. லேட்டா கூப்பிட்டது தனேஷ். அத அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடலாம். பொய் ஒண்ணும் இல்லையே. அவன் சின்னப் பையன், வேற ஊருக்கு மாத்திடுவாங்க, அவ்வளவுதான். நீ இந்த எடத்துக்கு வரணும்லா."

"கூப்பிடாதன்னு சொன்னது நான் சார். என் பேர முதல்ல எழுதுங்க."

"அப்புறம் இந்த நாற்காலி?"

"அது கெடைக்காட்டி போகுது. ஹபீபா வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன்."

வாசலில் தனேஷ் நின்றிருந்தான். "நானும் வரேன் டாக்டர்" என்றான். கண் வீங்கியிருந்தது. அவள் வேண்டாம் என்றாள். திட்டு வாங்கும்போது அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தியவள், இதற்காவது அவனை முன்னால் நிறுத்தக் கூடாது என்று நினைத்தாள்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு கடைக்கு மேல் ஹபீபாவின் வீடு. பாய் விரித்திருந்தது. ருக்கையாவின் கணவர் ஜூலியானாவை உட்காரச் சொன்னார். "டாக்டர் விடியவிடிய நின்னீங்க. எங்களுக்குத் தெரியும்" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

ஜூலியானா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, விளையாட்டைக்கூட. தனேஷ் பயந்தது தன்னால்தான் என்றாள். தான் சீக்கிரம் வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னாள். ருக்கையாவின் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ருக்கையா யாரிடமோ சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள்.

"அந்தத் தம்பி மட்டும் இல்ல டாக்டர். நானும் பயந்தேன்."

கணவர் திரும்பிப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டதும் புள்ள கால தொட்டுப் பாத்தேன். ஐசு மாதிரி இருந்துச்சு. மனசு கெடந்து அடிச்சுக்குச்சு. உங்கள கூப்பிடச் சொல்லலாமான்னு எந்திரிச்சேன். காலைல நீங்க அந்தத் தம்பிய பேசுனத பாத்தேன்ல? படிச்ச புள்ளைக்கே அந்தப் பேச்சுன்னா, நான் யாரு? போர்வைய இழுத்து மூடிட்டு உக்காந்துட்டேன். இவங்ககிட்டகூட இத சொல்லல." அவள் முதல்முறையாக ஜூலியானாவின் முகத்தைப் பார்த்தாள். "நான் அப்பவே சொல்லியிருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமா டாக்டர்?"

இதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பதில் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜூலியானா அதை எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது நாக்கு வரை வந்தது. அவள் சொல்லவில்லை.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்மா" என்றாள். "நீ என்ன டாக்டரான்னு உங்களையும் பேசியிருப்பேன். அன்னிக்கு நான் அப்படித்தான் இருந்தேன். உங்க வாய அடச்சது நான். இது உங்க தப்பு இல்ல."

ருக்கையா வாயில் முக்காட்டை அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அவள் அழவே இல்லை என்று பிறகு கணவர் சொன்னார். அவர் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜூலியானாவை யாரும் மன்னிக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வார்டைச் சுற்றிவரும்போது எந்தக் கட்டில் பக்கத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதவள், அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.