மணிக்கட்டுக்கு வராத அடி

நட்டுக் கழற்றவும் இறுக்கவும் பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் ரெஞ்சை வாங்கிய வாரம் எங்கள் வீட்டில் ஒரு நட்டும் நிம்மதியாக இருக்கவில்லை. கேட்டின் கீல், தண்ணீர் மோட்டாரின் அடித்தட்டு, மொட்டைமாடித் தொட்டியின் ஸ்டாண்டு, மகள் விட்டுப்போன சைக்கிள். எல்லாவற்றையும் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். எதற்கும் பழுது இல்லை. எனக்குத்தான் கை அரித்தது. விசையை அழுத்தினால் முதலில் ஒரு முனகலோடு வெறுமனே சுழலும். நட்டு எதிர்த்து நிற்கும் நொடியில் குரல் மாறி டகடகடகவென்று இரையும். எங்கே அந்தக் குரல் மாறுகிறது என்று கேட்பதற்காகவே ஒரே நட்டைப் பத்து முறை இறுக்கியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. சாதாரண ஸ்பானரால் இறுகிய நட்டைத் திருகினால் தோள்வரை வலி ஏறும். டிரில்லிங் மெஷின் சுவரில் சிக்கினால் மணிக்கட்டையே முறுக்கும். இதுவோ, துருவேறிப்போன போல்ட்டை அசைத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறது, என் கை கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல் லேசாக இருக்கிறது. அவ்வளவு பலம் அந்தப் பக்கம் போகிறதென்றால் இந்தப் பக்கம் ஏன் வரவில்லை? விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "அது டெக்னாலஜிங்க சார்" என்று பில்லை நீட்டினார்.

என் மனைவி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நான்கு காலர் மெஷின் ஓட்டுகிறாள். டீ-ஷர்ட்டுக்கான காலரைப் பின்னி, தைக்கும் யூனிட்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். நான் ரெஞ்சோடு ஷெட் வாசலில் நின்றபோது நூல் கண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மிஷின் பக்கம் அதைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா அப்பறம் நான் மனுசியா இருக்கமாட்டேனுங்க."

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காரின் பக்கம் போனேன். நான்கு சக்கரம், பதினாறு நட்டு. கழற்றி, மண்ணைத் துடைத்து, மாட்டி இறுக்கினேன். இறுகிய பிறகும் சத்தம் நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, பூண்டியில நிக்கறேன். பின் டயர் படுத்துருச்சு."

"ஸ்டெப்னி இருக்குதில்ல?"

"அது இருக்குது. நட்டுத்தான் வரமாட்டேங்குது. ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிச்சும் பாத்துட்டேன். ரோட்டுல போறவங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. ஞாயித்துக்கெழமை இதை என்னங்க பண்ணுனீங்க?"

ஸ்கூட்டரை எடுத்தேன். காரின் பின்சீட்டு முழுக்கக் காலர் மூட்டைகள். போகவேண்டிய இடம் சேவூர். அங்கே ஒரு யூனிட்டில் முந்தின லாட் காலர் அன்று பதினொன்றரைக்குத் தீர்ந்துவிடும். அதன்பிறகு இருபது டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். போன மாதம் ஊசி உடைந்து இவள் ஒருமுறை தாமதமாகப் போனபோதே யூனிட்டின் முதலாளியம்மா சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை லைன் நின்றால் காலருக்கு வேறு ஆள். நான்கு மெஷினில் மூன்று ஓடுவது அந்த யூனிட்டை நம்பித்தான்.

திருமுருகன்பூண்டியில் சிலைப் பட்டறைகளுக்கு எதிரே கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. நான் ரெஞ்சை நட்டில் பொருத்தி அழுத்தினேன். முதல் நட்டு சற்று முரண்டு பிடித்து, பிறகு அவிழ்ந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் சத்தம் தேய்ந்தது, ஆனாலும் வந்துவிட்டது. நான்காவதில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிவப்பு விளக்கு மினுக்கி, நின்றுபோனது.

"இன்னொரு பேட்டரி?"

"ஊட்டுல."

"இதுல சார்ஜ் இல்லாம என்ன ஆச்சு?"

"காலைல சைக்கிளைக் கழட்டிட்டு இருந்தேன்."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து மீடியம் சைஸ் மூட்டை ஒன்றை இழுத்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்தாள். "சாவியக் குடுங்க. இது ஒரு மணி நேரம் ஓடும். அதுக்குள்ள மீதி வந்து சேரோணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவிநாசிப் பக்கம் போய்விட்டாள்.

நான் ஸ்பானரை மாட்டி மேலே ஏறி நின்றேன். கார் ஆடியது. குதித்தேன். இன்னும் ஆடியது.

"மெசினு நல்லாப் பேசிட்டிருந்துச்சு. திடீர்னு வாய மூடிருச்சுங்களே."

எதிர்ப் பட்டறைக்காரர். என் வயதுதான் இருக்கும். புருவம்வரை கல்தூள் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால், பாதி முகம் வந்த நந்தியின் மேல் சாய்ந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு சுத்தியலோடு ரோட்டைக் கடந்து வந்தார்.

"நீங்க குதிக்காதீங்க சார். சும்மா கால வெச்சு அழுத்தி மட்டும் நில்லுங்க."

நின்றேன். ஸ்பானரின் முனையில் அவர் தட்டினார். ஓங்கி அல்ல; சின்னச் சின்னதாக, ஒரே சீராக.

"நீங்க மிதிச்சா வண்டியும் சேந்து ஆடுதுங்க. பலம் பூராம் ஆட்டத்துலயே போயிருது. அடி அப்படி இல்லீங்க. வண்டி ஆட யோசிக்கறதுக்குள்ள அது நட்டுக்குப் போயிரும்."

ஏழோ எட்டோ அடி. நட்டு ஒரு கிறீச்சிடலோடு இடம் பெயர்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அவருக்கு ரெஞ்சின் மேல்தான் கண். வாங்கி எடை பார்த்தார், சாக்கெட்டை விரலால் திருகினார். இத்தனை நேரம் சும்மா கிடந்ததில் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அதை முன்சக்கரத்து நட்டு ஒன்றில் வைத்து அழுத்தினார். மூன்றே தட்டுத் தட்டி அடங்கியது. அந்த மூன்று அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"இது திருகல சார். அடிக்குதுங்க. உள்ள ஒரு சுத்தியல் இருக்குது. சுழண்டு வந்து சுழண்டு வந்து அடிக்குது."

ஒரு வாரமாக என்னைக் குடைந்த கேள்வியை அவரிடம் போட்டேன். அவ்வளவு அடியும் என் மணிக்கட்டுக்கு ஏன் வரவில்லை? அவர் இடதுகையை விரித்துக் காட்டினார்.

"இந்தக் கை முப்பது வருசமா உளியப் புடிக்குதுங்க. அடி உளியில நிக்காது, கல்லுக்குப் போயிரும். கையில தங்குச்சுன்னா நான் சோத்தப் பெசைஞ்சு திங்க முடியுங்களா?"

கையில் வைத்திருந்த பொருளை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு விநாடிக்குள் எத்தனை அடி? அந்தச் சுத்தியல் வட்டமாக இருக்குமா, கொம்பு வைத்தது போலவா? நட்டு இறுகும்வரை அது எங்கே ஒளிந்திருக்கிறது? நான் கேட்டுக்கொண்டே போனேன். அவரும் ஆர்வமாகத்தான் பதில் சொன்னார். நடுவில் நிறுத்தி ரோட்டைப் பார்த்தார்.

"உங்கூட்டம்மா ஒரு மணி நேரம்னு சொல்லிட்டுப் போனாங்க சார்."

ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினோம். எவ்வளவு இறுக்கினால் போதும் என்று அவரைக் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நம்மளுது பேத்து எடுக்கற தொழிலு."

ஸ்பானரைக் கையால் பிடித்து, முழங்கை போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அவிநாசி தாண்டிச் சேவூர் போகும்வரை ரேடியோ போடவில்லை. கண்ணாடியை இறக்கி அந்தச் சக்கரத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

யூனிட் வாசலில் காரை நிறுத்தியபோது உள்ளே ஒரு மெஷின் சத்தமும் இல்லை. ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். டெய்லர்கள் வேப்பமர நிழலில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்தியில் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவி கதவோரம் நின்றாள். பக்கத்தில் முதலாளியம்மா.

"ஏனுங்க, இப்படி எளைக்க எளைக்க ஓடியாறீங்க?" என்றார் அந்த அம்மா. "லைன் ஒண்ணும் நிக்கல. மூட்டை தீந்ததும் மத்தியான டீயத்தான் முன்னால தள்ளி வெச்சேன். காலரு ஸ்கூட்டர்ல வந்து எறங்குனதப் பாத்ததுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றது?" என் மனைவியின் பக்கம் திரும்பினார். "அடுத்த லாட்டும் நீயே போட்டுரு கண்ணு. உன்ற ஊட்டுக்காரர மட்டும் வண்டியத் தொட வேண்டாம்னு சொல்லிப்போடு."

"சொல்லிட்டேனுங்கக்கா."

மூட்டைகள் உள்ளே போயின. டீ முடிந்து டெய்லர்கள் எழுந்தார்கள். ஒன்று, இரண்டு, பிறகு மொத்த லைனும் ஓட ஆரம்பித்தது. அவள் என்னோடு கார்வரை வந்து மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தாள்.

"இதுகளையும் அதே மாதிரித்தான் இறுக்கியிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப திரும்பிப் போற வழியில இன்னொன்னு படுத்துதுன்னா?"

யூனிட் மெக்கானிக்கிடம் போய்ச் சுத்தியல் கேட்டு வாங்கி வந்தாள். பன்னிரண்டு நட்டு. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஸ்பானரில் கால் வைத்து அழுத்தி நின்றாள். "தட்டுங்க" என்றாள். "மெதுவா. என்ற கால் மேல போட்றாதீங்க."