டோஃபு டப்பாவின் வரிகள்

மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஓரம் கிழியாமல் உரித்து, சோயாப் பால்கட்டியான டோஃபுவைத் தட்டில் கவிழ்த்ததும் தோக்சிம் முதலில் பார்ப்பது டப்பாவைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரிசல் இல்லையென்றால் அன்றைய சமையல் நன்றாக அமைந்துவிட்டது என்று பொருள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவருடைய கணவர் வாரத்தில் நான்கு நாள் டோஃபு குழம்பு குடிக்கிறார். "நல்லா இருக்குன்னு ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன்" என்று அவர் முனகினால், "உங்களுக்காகவா வாங்குறேன்? டப்பாவுக்கு வாங்குறேன். உள்ள இருக்கறதை என்ன, தெருவிலயா கொட்ட முடியும்?" என்று பதில் வரும்.

கொரியாவின் துறைமுக ஊரான மொக்போவில், லிஃப்ட் இல்லாத எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் நாற்பது வீடுகள். பத்தொன்பது வருடங்களாக அத்தனை வீட்டுச் சட்டைக் கழுத்துகளும் காலுறைகளும் தோக்சிமின் சோப்பில்தான் வெளுத்தன. இலையுதிர்காலத்தில் சூசொக் பண்டிகை முடிந்ததும், மீனும் சுரைக்காயும் மாவில் தோய்த்துப் பொரித்த எண்ணெய் ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சுகிறது. சோப்பு காய்ச்ச அதைத் தோக்சிம் வாளியோடு படியிறங்கி வீடு வீடாக வாங்கிவருவார். முகர்ந்து பார்த்தே யார் வீட்டு எண்ணெய் என்று சொல்லிவிடுவார். "இது இருநூத்தி நாலு. ஒரே எண்ணெய்ல மூணு நாள் மீன் பொரிச்சிருக்கா. பல் குத்துற குச்சியக்கூட கழுவி வைக்கிற வீடு அது."

வியாழக்கிழமை காலையில் கீழே பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி என்று தனித்தனிச் சாக்குகள் கட்டித் தொங்கும். அவற்றின் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நிற்பார். "ஏய், அந்தத் தயிர்க் கப்பை நசுக்காதே! அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" விரல் நீளப் புளித்தபால் பாட்டிலில் சோப்புக் கஞ்சியை ஊற்றினால் காலுறை தேய்க்கும் சோப்புக் குச்சி. உருளைக்கிழங்கு வறுவல் வந்த குழாயில் ஊற்றி மீன்பிடி நரம்பால் அறுத்தால் வட்ட வில்லை. ஆனால் ராஜா டோஃபு டப்பாதான். அதன் அடியில் வரிவரியாக மேடு இருக்கும். அந்த வரிகள் சோப்பிலும் பதிந்துவிடும். "இந்த வரியில தேய்ச்சா எந்தக் கழுத்து அழுக்கும் நிக்காது. கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது இது."

அவருடைய பால்கனியில் உயர வரிசைப்படி அடுக்கிய டப்பாக்களுக்கு நடுவில், நூடுல்ஸ் வேகவைக்கும் பழைய மஞ்சள் பாத்திரம் ஒன்றில் வெங்காயத்தாள் வளர்கிறது. அடியில் ஒரு ஓட்டை. தண்ணீர் வடிய ட்ரில் போட்டதாகச் சொல்வார். அதைப் பார்த்து மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பாத்திரத்திலும் ட்ரில் போட்டார்கள்.

போன வசந்தத்தில் இரண்டாம் மாடிக்கு ஹாயன் குடிவந்தாள். நாற்பது வயது, பேக்கரியில் அரை நாள் வேலை. வந்த மாதமே சாக்லேட் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் சங்கு சங்காகச் சோப்பு வார்த்து, ஆரஞ்சுத் தோல் வாசனையோடு வீட்டுக்கு இரண்டு கொடுத்தாள். பெண்கள் வியந்துபோய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். தோக்சிம் ஒரு சங்கை மூக்கருகே கொண்டுபோய், "வாசனை நல்லாத்தான் இருக்கு. துவைக்கிறதுக்கா, திங்கறதுக்கா?" என்றார்.

சித்தப்பா மகன் நிலம் வாங்கினால் நமக்கு வயிறு வலிக்கும் என்பது எங்கள் நாட்டுப் பழமொழி. தோக்சிம் விஷயத்தில் அது பழமொழியாக நிற்கவில்லை. யாராவது ஹாயனின் சோப்பைப் புகழ்ந்த அன்று அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. செரிமானத்துக்கு எங்கள் ஊர்க் கைவைத்தியப்படி, கட்டைவிரலை நூலால் இறுக்கிக் கட்டி, நகத்தடியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துவிடுவார் கணவர். "இன்னைக்கு யார் புகழ்ந்தா?" என்று கேட்டுக்கொண்டே குத்துகிறார் என்பது அடுத்த வீட்டில் இருக்கும் எனக்குச் சுவர் வழியாகத் தெரியும்.

இந்த வருடம் பெண்கள் சங்கத் தலைவி எண்ணெயில் பாதியை ஹாயனுக்குப் பிரித்தார். "ஆளுக்கு இருபது வீடு. உங்களுக்கும் தோள்வலி குறையும்ல அக்கா?" தோக்சிமுக்கு அதுவரை தோள் வலித்ததே இல்லை.

சோப்பு காய்ச்சும் நாளில் வாகன நிறுத்தத்தின் ஓரமாக, காற்றோட்டத்தில், இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளிகள். அரிசி கழுவிய தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து எண்ணெயில் விட்டு, நீளத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும் என்பது தோக்சிமின் சட்டம். "கையை மாத்தினா திரிஞ்சுடும். நடுவுல நிறுத்தினாலும் திரிஞ்சுடும்." ஒன்றரை மணி நேரம் வலப்பக்கமாகவே கலக்கினார். எதிரே ஹாயன் இரண்டு பக்கமும் கலக்கினாள். அவளுடையதும் கஞ்சிப் பதத்துக்கு வந்தது. பரங்கிப் பொடி சேர்த்திருந்ததால் நல்ல மஞ்சள்.

ஹாயன் அச்சுகளைப் பரப்பியபோது பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். பேக்கரியில் மிஞ்சிய வெள்ளிநிறத் தாள் கிண்ணங்கள் அறுபது. ஓரம் பூவிதழ் போல மடிந்தவை. "ஒவ்வொண்ணும் பூ மாதிரி வரும்" என்றார் சங்கத் தலைவி.

தோக்சிமின் துடுப்பு நின்றது.

ஹாயன் முதல் கிண்ணத்தில் ஊற்றினாள். தோக்சிம் குனிந்து மறுபடி கலக்கத் தொடங்கினார், இடப்பக்கமாக. இரண்டாவது கிண்ணம், மூன்றாவது, நான்காவது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தால் போதும். நாற்பது வீடும் அவருக்கே திரும்பிவிடும். ஐந்தாவது கிண்ணத்துக்குக் கரண்டி போனபோது துடுப்பைத் தரையில் போட்டார்.

"ஊத்தாதே!"

ஹாயன் நிமிர்ந்தாள். "ஏன் அக்கா? உங்க டப்பா மாதிரி இல்லேன்னா சோப்பு உறையாதா?"

யாரோ சிரித்தார்கள். தோக்சிமின் காதுமடல் சிவந்தது.

"என் பால்கனியில வெங்காயத்தாள் வச்சிருக்கிற மஞ்சப் பாத்திரம் தெரியுமில்ல? அந்த ஓட்டை ட்ரில் போட்டதில்ல." எல்லோரும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். "முதல் வருசம் அதுலதான் காஸ்டிக் சோடாவைக் கரைச்சேன். அலுமினியம்டி அது. புஸ்ஸுன்னு பொங்கி அடியைத் தின்னுடுச்சு. பாத்திரமே அந்தக் கதின்னா, உன் அலுமினியத் தாள் எம்மாத்திரம்?"

அதற்குள் முதல் கிண்ணத்தின் ஓரத்தில் நுரை கிளம்பியிருந்தது. பூவிதழ் மடிப்புகள் கறுத்தன. ஹாயன் கையுறைக் கையோடு பின்வாங்கினாள்.

"அப்போ பத்தொன்பது வருசமா எங்ககிட்ட ட்ரில்லுன்னு சொன்னீங்களே!" சங்கத் தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் புதுப் பாத்திரத்துல ட்ரில் போட்டேனே, அக்கா!"

"நான் போடச் சொன்னேனா?"

மஞ்சள் கஞ்சி வாளியில் இறுகத் தொடங்கியிருந்தது. ஹாயன் அழாத குறை. "இப்போ இதை எதுல ஊத்துறது அக்கா?" தோக்சிம் படியேறினார். ஐந்து மாடி. இறங்கி வந்தபோது, ஒரு வருடம் முழுக்கச் சேர்த்த டோஃபு டப்பாக்கள் மார்பிலிருந்து தாடைவரை அடுக்காக இருந்தன. மூச்சு வாங்கியது.

"மூலையைப் பிடிச்சு இழுக்காதே. கழுவித் திருப்பிக் குடுக்கணும். எண்ணி வச்சிருக்கேன்."

அவருடைய சோப்பு அந்த வருடம் பால் அட்டைப்பெட்டிகளில் உறைந்தது.

குளிர்காலக் கிம்ச்சி போடுவதற்கு முந்தின வாரம், காய்ந்த சோப்புகளைச் சங்க அறையின் நீள மேசையில் பரப்பினார்கள். இடப்பக்கம் தோக்சிமின் பழுப்புக் கட்டிகள். வலப்பக்கம் ஹாயனின் மஞ்சள் கட்டிகள். ஒவ்வொன்றின் வழுவழுப்பான மேல்பக்கத்திலும் காய்ந்த சாமந்தி ஒன்று அழுந்தியிருந்தது. கூட்டம் வலப்பக்கமே சேர்ந்தது. "ஹாயன் கையே கை!" என்று ஒருத்தி சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

தோக்சிம் கட்டைவிரலை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு மேசையின் வலது கோடிக்குப் போனார். ஹாயனின் சோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாமந்தி அடியில் போகும்படி, டோஃபு டப்பாவின் வரிகள் மேலே தெரியும்படி, கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தார்.