பன்னிரண்டு அடி, ஒரு அங்குலம்

தாவூதின் கல்யாணத்தில் நிக்காஹ் அரைமணி நேரம் தள்ளிப்போனது. பிரியாணி வேகவில்லை என்றோ, மாமன்மார் யாரோ கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்றோ நினைத்துவிட வேண்டாம். பந்தல்கால் ஒன்று சாய்ந்திருந்தது. அதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பார்த்த பிறகு எப்படி உட்காருவது? மாலையும் கழுத்துமாக எழுந்துபோய், காலைப் பிடுங்கச் சொல்லி, நூல்பிடித்து நேராக நட்ட பிறகுதான் வந்து சம்மதம் சொன்னார். "இந்த மனுசங்கூட நீ ரொம்ப சிரமப்படப் போற" என்று மணப்பெண் ஹாஜிராவின் அண்ணன் தங்கையிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.

கொத்தனார்களுக்கு நூல்பிடித்துக் கொடுத்துப் பழகிய கண் அது. தர்மபுரியில் எட்டு வருஷம் அந்த வேலை பார்த்துவிட்டு, கம்பைநல்லூர்ப் பக்கம் திருவருள் கலைக் கல்லூரி ஆரம்பித்தபோது மார்க்கராகச் சேர்ந்தார். மார்க்கர் என்றால் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறவர். பந்துக்குக் காற்றடிப்பது, வலை தைப்பது, ஆடுமாடு விரட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் தாவூதுக்குக் கோடுதான் உயிர். அவர் போட்ட கபடிக் கோட்டைப் பார்த்தால் மிதிக்க மனசு வராது. பெருநாள் தொழுகைக்கு ஈத்கா மைதானத்தில் வரிசைக் கோடு போடுவதும் அவரே. ஒரு வருஷம் காய்ச்சலில் அவர் படுத்துவிட, அந்த வருஷம் பின்வரிசைகள் பாம்பாக நெளிந்ததை ஜமாத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அளந்தால் அளந்ததைச் சொல்லிவிடுவார். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. ஹாஜிராவின் அண்ணனுக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் சுவர்த் தகராறு வந்தபோது, சொந்த மச்சான், நமக்குச் சாதகமாகச் சொல்வான் என்று நம்பி இவரை அளக்கக் கூப்பிட்டார்கள். இவர் அளந்துவிட்டு, "மச்சான் அரையடி உள்ள வந்துட்டாருங்க" என்று பஞ்சாயத்து முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தார். ஆறு வருஷமாக அந்த மச்சான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரின் தலையில் ஒரு கூடைப்பந்து அணி வந்து விழுந்தது. கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நாலு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார், அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. "தாவூது பாத்துக்குவான்" என்று முதல்வர் மாதப்பன் சொல்லிவிட்டார். தாவூதுக்குக் கூடைப்பந்தில் தெரிந்தது கோடுகள் மட்டும்தான். ஆகவே அவர் கொடுத்த பயிற்சியும் ஒரே பயிற்சிதான்: "கோட்டத் தாண்டாதீங்க கண்ணுங்களா." பசங்கள் உயிரே போனாலும் கோட்டைத் தாண்டமாட்டார்கள். ஆனால் பந்து கூடைக்குள் விழாது. அவர்கள் கைக்கும் கூடைக்கும் ஏதோ ஜென்மப் பகை இருந்தது.

இந்த சீசன் தொடங்கும்போது மாதப்பன் தாவூதை அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல் வழியாகப் பதினோரு கல்லூரிப் பேருந்துகள் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது.

"டிரைவருங்க தெனம் வந்து அழுவுறாங்க. சீட்டுல உக்காந்தா சுடுதாம். உன் பேஸ்கட்பால் கோர்ட்டுலதான் ஷெட்டு போடலாம்னு நிர்வாகம் சொல்லுது."

"சார், பசங்க ஆடுறாங்க சார்."

"ஆடுறாங்க. ஜெயிச்சாங்களா? ரெண்டு வருஷமா ஒண்ணாவது? இந்த வருஷம் மண்டல லீக்குல அஞ்சு மேட்ச் இருக்குது. ஒண்ணே ஒண்ணு ஜெயிக்கச் சொல்லு, கோர்ட்டு இருக்கும். இல்லேன்னா ஷெட்டு."

தாவூது சரி என்று தலையாட்டிவிட்டு வந்து கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷமாகத் தினம் காலையில் கோடு போட்ட தரை அது. கோர்ட்டு போனால் மார்க்கரை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிட அந்தச் செவ்வகத்தின் மேல் டீசல் ஒழுகும் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாலு ஆட்டம் வெளியூரில், கடைசி ஆட்டம் சொந்த மண்ணில். முதல் ஆட்டத்துக்குப் போன இடத்தில் அணித்தலைவன் அறிவழகன் எறிந்த முதல் பந்து பலகைக்கு மேலே பறந்துபோய், பின்னால் நின்ற வேப்பமரத்தில் காக்காயைக் கிளப்பிவிட்டது. அவன் சித்தேரி மலைக்காரன், இரண்டாம் வருஷம் தாவரவியல். இரண்டாவது பந்தும் அதே மரத்துக்குத்தான் போனது. எழுபத்தெட்டுக்கு நாலு என்று தோற்றார்கள்.

"பாய், இங்க ரிங்கு ரொம்பக் கீழ இருக்குது பாய்" என்றான் அறிவழகன்.

தாவூது அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. நேரே போய் அந்தக் கல்லூரிக்காரர்களிடம், உங்கள் ரிங்கு தாழ்ந்து போயிருக்கிறது, சரிபண்ணிவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் டேப்பு வைத்து அளந்து பத்தடி என்று காட்டினார்கள். உங்கள் டேப்பு இழுபட்டிருக்கும் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது ஊரிலும் இதே கதை, இதே புகார். இந்த வட்டாரத்தில் எவனுக்கும் அளக்கத் தெரியவில்லை என்று பேருந்தில் வரும்போது நெஞ்சாரத் திட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஊருக்குத் தன் சொந்த ஸ்டீல் டேப்பையே எடுத்துக்கொண்டு போனார். ஏணி வாங்கி, ஏறி, தானே அளந்தார். பத்தடி. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் காலை பசங்கள் வருவதற்கு முன்னால் தன் கோர்ட்டில் ஏணியைச் சாத்தி ஏறினார். ஒரு முனையில் பன்னிரண்டு அடி, ஒரு அங்குலம். ஓடிப்போய் மறுமுனையில் அளந்தார். அங்கேயும் பன்னிரண்டு அடி, ஒரு அங்குலம்.

நடந்தது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் கலையரங்கம் கட்டும்போது அடித்தளத்துக்கு மண் போதவில்லை. கோர்ட்டில் செம்மண் நன்றாக இருக்கிறது என்று ஜே.சி.பி.யை விட்டு இரண்டடிக்கு வழித்துக்கொண்டு போனார்கள். போன பிறகு தாவூது தரையை மட்டம் செய்து, ஒரு அங்குலம் பிசகாமல் எல்லாக் கோட்டையும் புதிதாகப் போட்டார். கம்பத்தின் அடியில் புதைந்திருந்த சிமெண்டுக் கட்டை வெளியே தெரிந்ததா என்றால், நன்றாகவே தெரிந்தது. அதற்கும் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். பசங்கள் அதில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினார்கள், ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டும் வைத்தார்கள். வளையத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. தரைதான் மார்க்கர் பொறுப்பு, மேலே இருப்பதெல்லாம் இயக்குநர் பொறுப்பு. இயக்குநர்தான் இல்லையே. வெளியாள் யாரும் அந்த நாலு வருஷத்தில் அங்கே வந்து ஆடவும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஹாஜிராவிடம் சொன்னார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எறக்கி வெச்சிட வேண்டியதுதானே?"

"எறக்கினா அன்னிக்கும் தோப்பாங்க. எல்லாக் கையும் பன்னெண்டடிக்குப் பழகிக் கெடக்குது. எறக்கலேன்னா வர்றவங்களால போட முடியாது, நம்ம பசங்க எப்படியாவது ரெண்டு மூணு போட்டுருவாங்க. ஜெயிச்சா கோர்ட்டு இருக்கும்."

"அப்ப சும்மா இருந்துடுங்க."

"சும்மா இருக்கறதா?"

"ஏங்க, எங்க அண்ணன் விஷயத்துல சும்மா இருக்கத் தெரியல. இதுலயாவது இருந்து பாருங்க" என்றாள் ஹாஜிரா. கீரையை அவள் உருவிய வேகத்தில் காம்பும் சேர்ந்து வந்தது.

நாலாவது ஆட்டத்திலும் தோற்ற பிறகு, மனசு கேட்காமல் முதல்வரிடம் போனார். மாதப்பன் முழுசாகக் கேட்டார். மண் எடுக்கச் சொன்னவர் அவர்தான் என்பதால் இன்னும் கவனமாகக் கேட்டார்.

"கோடு போடறது உன் வேலை. கோடு சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க சார்."

"அப்பறம் என்ன, போ."

அவரே சொல்லிவிட்டார். கேட்டால் சொல்லலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்று தாவூது தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

கடைசி ஆட்டத்துக்கு வந்த அணியின் பொறுப்பாளர் ரோசம்மாள் என்ற உடற்கல்வி இயக்குநர். மண்டலத்தில் முதலிடத்தில் இருந்த அணி அது. கருங்காலி போல ஆறடிப் பையன்கள், ஆளுக்கு ஒரு நிறத்தில் ஷூ. விசில் அடித்தவுடன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து எறிந்தார்கள். பந்து வளையத்தின் அடியைத் தொட்டுவிட்டு அவர்கள் மூஞ்சிக்கே திரும்பி வந்தது. அடுத்தவன் எறிந்தான், வலையின் கீழ்நூலை ஆட்டியது. முதல் பாதி முடியும்போது அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நம் பசங்கள் ஆறு. இரண்டாம் பாதியில் அவர்களில் ஒருவன் அழுதேவிட்டான், இன்னொருவன் குனிந்து தன் கால்களையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது. கலையரங்கத்திலிருந்து பறையை எடுத்துவந்து அடித்தார்கள். மாதப்பன் தாவூதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட வந்த ரோசம்மாள் பேனாவை மூடிவிட்டு வளையத்தைப் பார்த்தார்.

"பாய், கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

பறை நின்றுவிட்டது. தாவூது ஏணியில் ஏறினார். ஏறும்போதே மாதப்பனைப் பார்த்தார். மாதப்பன் இரண்டு கையின் விரல்களையும் விரித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். பத்து. தாவூது மேலே போய் டேப்பைத் தொங்கவிட்டார். பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், அல்லா மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தார்.

"பன்னெண்டடி ஒரு இஞ்சுங்க."

ரோசம்மாள் தன் பையன்களிடம் திரும்பி, "டேய், உங்க தப்பில்லடா" என்றார். ஆட்டம் செல்லாது என்று தாளில் எழுதினார்கள். ஐந்தில் நாலு தோல்வி, ஒன்று செல்லாதது. சீசன் அவ்வளவுதான்.

தாவூது ஏணியிலேயே நின்றார். பசங்கள் அடிக்கப்போகிறார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். அறிவழகன் கிட்டே வந்தான்.

"பாய், ரெண்டு வருஷமா பன்னெண்டடியிலயா போட்டுட்டு இருந்தோம்?"

"ஆமாங் கண்ணு."

"அப்ப நாங்க மோசமில்லயா பாய்?"

"நீங்க எங்கடா மோசம்" என்றார் தாவூது. பன்னிரண்டு பேரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயித்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

மாதப்பன் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "பன்னெண்டுன்னு சொன்ன, சரி. அந்த ஒரு இஞ்சையாவது விட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

ஜூன் மாதம் ஷெட்டு வேலை ஆரம்பமானது. பள்ளத்தில் மழைத்தண்ணி நிற்கும் என்று டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டி, பச்சைக் கட்டை மறையும்வரை மேடாக்கினார்கள். கம்பங்களைப் பிடுங்குவது தன் எஸ்டிமேட்டில் இல்லை என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டதால், ஒரு கம்பம் தகரத்துக்குள் அடைபட்டது, இன்னொன்று கூரைக்கு வெளியே தனியாக நின்றது. தாவூதை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பதினோரு பேருந்துக்கும் நிற்கும் இடம் காட்டிக் கோடு போடச் சொன்னார்கள். போட்டார், என்ன செய்வது. டிரைவர்கள் அதில் அச்சாக நிறுத்தினார்கள்.

பேருந்துகள் ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பிவிடும், எட்டே முக்காலுக்குத்தான் திரும்பும். ஒரு நாள் காலை அழிந்த கோட்டைப் புதுப்பிக்க வந்தவர், காலியான தரையில் நின்று, கூரைக்கு வெளியே நின்ற கம்பத்தின் வளையத்தை அண்ணாந்து பார்த்தார். கண் ஏதோ சொன்னது. ஏணி எடுத்துவந்து அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். பிறகு அறிவழகனுக்குப் போன் செய்தார்.

மறுநாள் நாலாம் நம்பர் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடுவே ஒரு கோடு அதிகமாக இருந்தது. எட்டே முக்காலுக்கு மாதப்பன் வந்தார்.

"இது என்ன கோடு?"

"ஃப்ரீ த்ரோ கோடுங்க சார். போர்டுலேர்ந்து பதினஞ்சு அடி."

"ரிங்கு?"

"பத்தடிங்க சார். இப்பத்தான் சரியா வந்திருக்குது. காலையில எட்டே முக்கால் வரைக்கும் பசங்க போட்டுக்கறாங்க."

அளந்தாயா என்று மாதப்பன் கேட்கவில்லை. கோட்டை மிதிக்காமல் சுற்றி நடந்தார். அப்போதுதான் நாலாம் நம்பர் வண்டி வாசலில் திரும்பியது.

"டிரைவர்கிட்டச் சொல்லி வண்டிய ரெண்டடி தள்ளியே நிறுத்தச் சொல்லு" என்றார். "டயர் பட்டு அழிஞ்சிரப் போவுது."