இருபத்து மூன்றாம் ஆணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. படித்துவிட்டு "சும்மா கதை விடாதீங்க" என்று சிரிக்கப் போகிறவர்கள் வேங்கிக்காலுக்குப் போய், சரோஜாவின் முகத்துக்கு நேரே சிரித்துப் பாருங்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இடுப்பில் டெஸ்டர், தோளில் பழைய ரெக்ஸின் பை. வாய் மட்டும் அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு பங்கு ஜாஸ்தி.

இன்னொன்று. பேய் என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. 2001ஆம் வருடம், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மதியம் 2.15 முதல் மாலை 4.58 வரை. நேரமெல்லாம் சரோஜாவின் வேலை நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் பார்த்தேன்.

அந்த வருடம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். பந்தல், கடைகள், ரோட்டோரம் முப்பத்தைந்து அடி உயரத்தில் கோபுரம் மாதிரி ஒரு ஆர்ச். மொத்த வேலையும் பலராமன் என்ற காண்ட்ராக்டரிடம். கரண்ட் வேலைக்குப் பொறுப்பு சரோஜா. சூப்பர்வைசர் சான்றிதழ் வைத்திருந்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் மெயின் போட முடியாது. பலராமனுக்கு அவளைப் பிடிக்காது. கையெழுத்து வேண்டுமே, அதற்காகப் பொறுத்துக்கொண்டார்.

பொருட்காட்சிக் குழு பதினோரு பாதுகாப்பு விதிகளை டைப் அடித்துக் கொடுத்திருந்தது. பலராமன் அந்தத் தாளை மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அண்டை கொடுத்தார். சரோஜா அதை உருவி எடுத்து, சார்ட்டில் பெரிதாக எழுதி மெயின் ஷெட் வாசலில் ஒட்டினாள். ஈரத் தகரத்தின் மேல் வெறுங்காலோடு ஏறக் கூடாது. பிளக் இல்லாமல் வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகக் கூடாது. வயரைப் பல்லால் கடித்து உரிக்கக் கூடாது. ஆட்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'ரூல்ஸ் அக்கா' என்று பேர்.

சிரிக்கட்டும். ஏழாவது விதியில் மட்டும் அவள் யாரையும் சிரிக்க விடவில்லை.

ஷெட் வாசலில் ஒரு மரப்பலகை. அதில் நாற்பது ஆணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பலராமனின் குடோனில் கிடந்த பழைய பலகை. வேலைக்கு உள்ளே போகிறவன் தன் டோக்கனைத் தன் கையால் ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது தன் கையால் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு டோக்கன் தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அதுவரை மெயின் போடக் கூடாது. அவ்வளவுதான் ஏழாவது விதி.

ஆட்கள் இருபத்திரண்டு பேர். அலுமினியத் தகட்டை வெட்டி, நம்பர் குத்தி, இருபத்திரண்டு டோக்கனை அவளேதான் செய்தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டுதான்.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து தூறல். ஆறு மணிக்குத் திறப்பு விழா. அதற்கு முன்னால் நாலே முக்காலுக்கு நல்ல நேரம், அப்போதே ஆர்ச் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது பலராமனின் பிடிவாதம்.

மதியம் 2.15. சாப்பிட்டுவிட்டு வந்த சரோஜா பலகையைப் பார்த்தாள். இருபத்து மூன்றாம் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கியது.

அலுமினியம் இல்லை. தகரம். சிவப்பு பெயிண்டில் 23 என்று கையால் எழுதியிருந்தது. ஓரம் கறுத்துச் சுருண்டிருந்தது. எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தாள். கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

2.40. மறுபடியும் அதே ஆணியில் தொங்கியது.

மேஸ்திரி வேணுவைக் கூப்பிட்டாள்.

"வேணு, உங்க ஆளுங்க யாருப்பா என்கிட்ட வெளாடுறது?"

வேணு பலகையைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"எங்காளுங்க இல்லக்கா" என்றான். போய்விட்டான். கொஞ்சம் வேகமாகவே போனான்.

அவள் தகர டோக்கனைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கேபிள் கணக்கு எழுதினாள். எவன் வருகிறான் பார்க்கலாம்...

3.05.

டிங்...

முதுகுக்குப் பின்னால். ஆணியில் தகரம் மோதுகிற சத்தம்.

திரும்பினாள். இருபத்து மூன்று ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆணிகளில் இருபத்திரண்டு அலுமினிய டோக்கன்கள், ஒன்றுகூட அசையவில்லை.

பூட்டைத் திறந்து பார்த்தாள். பெட்டி காலி.

பயந்தாளா? பயந்தாள். அவளே சொன்னாள். ஆனால் சரோஜாவுக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரா இருந்தாலும் சரி. மாட்டிட்டா அது ஆள் டோக்கன்தான். நீயா வந்து கழட்டு. நான் இனிமே கைய வெக்க மாட்டேன்."

தூறல் தகரக் கூரையில் பட்பட்டென்று விழுந்தது.

4.25. உள்ளே நியூட்ரல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு வெளியே வந்தாள். பலகையில் அலுமினிய டோக்கன் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெட்டியில். ஆட்கள் வேலை முடிந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டார்கள் என்றான் வேணு.

தகரம் மட்டும் தொங்கியது.

4.40. பலராமன் வந்தார். கையில் கற்பூரம், பூசணிக்காய்.

"இன்னாம்மா, ரெடியா? மெயின் போடு."

"டோக்கன் தொங்குது சார்."

"யாருது?"

"தெரியல."

"உன் ஆளு இருபத்திரண்டு. வேணு, எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க" என்றான் வேணு. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கேட்டுக்கினியா? போடு."

"ஒவ்வொருத்தரா இங்க வந்து பேர் சொல்லட்டும். அப்புறம் போடுறேன்."

"நல்ல நேரம் போவுதும்மா. பெரிய மனுசங்க வர்ற நேரம். ஒரு தகரத் துண்டுக்காக என் மானத்த வாங்குறியா? கழட்டிக் கடாசு அத்த."

"நீங்களே கழட்டுங்க."

பலராமன் கையை நீட்டினார். விரல் பட்டது. 'ஹக்' என்று பின்னால் துள்ளினார். பூசணிக்காய் கீழே விழுந்து உடைந்தது.

"ஷாக் அடிக்குது..."

மரப்பலகை. ஒரு வயர்கூட அதன் பக்கத்தில் போகவில்லை. மெயின் ஆஃப். மைதானம் முழுக்க ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது.

சரோஜா இடுப்பிலிருந்து டெஸ்டரை உருவினாள். தகரத்தின் மேல் வைத்தாள்.

டெஸ்டர் எரிந்தது.

சிவப்பாக... நின்று... எரிந்தது.

பதினேழு வருடம் கரண்ட் வேலை பார்த்தவள். அந்த ஒரு நிமிடம் படித்த படிப்பெல்லாம் பொய் என்று தோன்றியது அவளுக்கு.

பலராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை. ஷெட்டுக்குள் நுழைந்தார். மெயின் கைப்பிடியைப் பிடித்தார்.

"நான் போடுறேன். இன்னா ஆவுதுன்னு பாக்கலாம். நாளைலேர்ந்து இந்த ஜில்லாவுல உனக்கு ஒரு பல்பு மாட்டுற வேலை கெடைக்காது."

"கெடைக்க வேணாம்."

அவரைத் தோளால் இடித்து நகர்த்தினாள். மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கினாள். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இப்பப் போடுங்க."

4.52. மைதானத்தின் குறுக்கே நடந்தாள். ஆர்ச் அந்தக் கோடியில். நானூறு கெஜம். சேறு.

பின்னால் பலராமன் கத்துவது கேட்டது. அவள் திரும்பவில்லை.

பின்னால் இன்னொரு சத்தமும் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

அவள் எட்டி வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஒன்று.

ஓடினாள்.

4.57. ஆர்ச்சின் பின்பக்கம். ஏணி இன்னும் சாத்தியபடியே நின்றது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

ஏணியைத் தட்டினாள்.

"மேல யாரு?"

4.58.

"நான்தான்க்கா..."

சடையன், இருபத்திரண்டு பேரில் ஒருவன். ஆர்ச் உச்சியில், போர்டுக்குப் பின்னால், கீழேயிருந்து தெரியாத இடத்தில். ஈரத் தகரத்தின் மேல் வெறுங்கால். சீரியல் செட்டின் மெயின் வயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தான்.

பல்லில்... வயர்.

"எறங்குப்பா" என்றாள். மறுபடியும் சொன்னாள்.

இறங்கினான். நாற்பத்தைந்து வயது ஆள், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"உன் டோக்கன் எங்க சடையா?"

"பலகையிலதான்க்கா மாட்டினேன். இல்லியா? அப்போ வேணு எடுத்துட்டிருப்பான். ஷெட்டு ஒரு கோடி, ஆர்ச்சு ஒரு கோடி. அவ்ளோ தூரம் எவன் நடப்பான்? சாயங்காலம் எல்லாத்தையும் மொத்தமா அவன்தான் உருவிப் போடுவான். எப்பவும் அப்டித்தான்."

சரோஜா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி ஷெட்டுக்குப் போனபோது இருபத்து மூன்றாம் ஆணி வெறுமையாக இருந்தது. கீழே தேடினார்கள். பெட்டியில் தேடினார்கள். இல்லை. இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, பேர் கேட்டு, 5.35க்கு ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகினாள். நல்ல நேரம் போனது போனதுதான். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது.

மறுநாள் பலராமன் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் கவலைப்படவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தத் தகரம் யாருடையது?

குழுவின் பழைய கோப்பைக் கேட்டாள். முதலில் தர மாட்டேன் என்றார்கள். நாலு நாள் குழு ஆபீஸ் வராண்டாவிலேயே உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் தந்தார்கள்.

1998. இதே மைதானம். இதே பலராமன். ஆர்ச்சில் கரண்ட் பாய்ந்து ஒருவர் சாவு. பெயர் மாறன், வயது முப்பத்தாறு, டோக்கன் எண் 23. கீழே விசாரணை முடிவு: 'இறந்தவர் பலகையில் டோக்கனை மாட்டாமல், விதியை மீறி உள்ளே சென்றுள்ளார். டோக்கன் அவரது சட்டைப் பையிலேயே இருந்தது. இது அவரது சொந்தக் கவனக்குறைவு.' சாட்சிக் கையெழுத்து: வேணு.

வேணுவை அவன் வீட்டு வாசலிலேயே பிடித்தாள். அவன் மறைக்கவில்லை. மூன்று வருடமாகச் சுமந்து அலுத்துப்போயிருந்தான்.

"மொத்தமாத்தான்க்கா உருவினேன், அன்னைக்கும். அவன் மேல இருக்கான்னு தெரியாது. செத்தப்புறம் பலராமன் சார்தான் அத்த அவன் பையில போடச் சொன்னாரு."

மாறனின் மனைவி பொன்னி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். சரோஜா போனபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதுமே முகம் இறுகியது.

"மாட்டாம போனாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. மூணு வருசமா ஆபீஸ் ஆபீஸா சொல்லிட்டு வரேன். மாட்டினாரு. பன்னெண்டரைக்குச் சோறு எடுத்துக்கினு போனேன். என் கண்ணு முன்னாடி மாட்டினாரு. பொண்டாட்டி சாட்சி செல்லாதாம்."

"என் சாட்சி செல்லும்" என்றாள் சரோஜா.

பையிலிருந்து தாளை எடுத்தாள். இருபத்து மூன்றாம் எண் டோக்கன் பலகையில் மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினாள். சான்றிதழ் நம்பரைப் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். எந்த வருடம் என்று எழுதவில்லை. கேட்பவன் கேட்கட்டும், அவனுக்கும் பதில் வைத்திருந்தாள். கூடவே வேணுவிடமும் உண்மையை எழுதி வாங்கியிருந்தாள்.

"அந்தத் தகர டோக்கன் உன்கிட்டதான இருக்கும்? இதோட சேத்துக் குடுத்தா இன்னும் பலம்."

பொன்னி சரோஜாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போலீசு துணிமணியோட திருப்பிக் குடுத்தாங்க. நான்தான் அத்த அவரு கையில வெச்சி, வெரலையெல்லாம் மடக்கி மூடி, அப்டியே பொதைக்கச் சொன்னேன்."