மோட்டார் ரூமில் வைக்க வேண்டாம்

தேவாரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டும்போது, பிணம் புதைத்த பழைய தாழி ஒன்று உடைந்து, உள்ளேயிருந்து சாண் நீளக் கத்தி வந்தது. எழுபதுகளின் கடைசி. உலோகவியல் படித்துவிட்டுப் பழங்கால இரும்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கேள்விப்பட்டுப் போய், ஓரத்தில் லேசாக அரம் வைத்தேன். துருவுக்குள் வெள்ளையாக உலோகம் மின்னியது. அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் முழுத் துரு.

அந்தக் காலத்துக் கொல்லன் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினானா? என் ஆய்வே அந்தக் கேள்விதான். முக்கியிருந்தால் இரும்புக்குள் அடையாளம் இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. "இன்னைக்கு இரும்பக் கைமாத்த மாட்டோம்த்தா. திங்கக்கெழம வா" என்றார் தோட்டக்காரரின் மனைவி. கத்தி மோட்டார் ரூமின் ஈரத் தரையில் கிடந்தது. நோட்டில் தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன். ஒன்று, கழுவ வேண்டாம். இரண்டு, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். மூன்று, எண்ணெய் தடவ வேண்டாம். நான்கு, மோட்டார் ரூமில் வைக்க வேண்டாம், வீட்டுக்குள் வைக்கவும். ஐந்து, காய்ந்த துணியில் சுற்றவும்.

திங்கட்கிழமை பரணிலிருந்து எடுத்துத் தந்தார்கள். வெள்ளைத் துணியைப் பிரித்தேன். துரு பாதி உதிர்ந்து, மீதி கருநீலமாக இருந்தது.

"தீயில போட்டீகளா?"

"பின்ன? செத்தவுக கூடப் போன இரும்பு. நெருப்புல காட்டாம வீட்டுக்குள்ள கொண்டாரச் சொல்றியா? கல்யாணமாகாத பிள்ள, நீயும்ல அதத் தொடணும். ஆசாரி நல்லாப் பழுக்கவச்சு, சாம்பல்லயே ஆறப்போட்டாரு. பொட்டுத் தண்ணி படல. கழுவாதன்னு நீதான எழுதியிருக்க?"

அவர் கணவர் தாளை நீட்டினார். "அஞ்சும் எழுதுனபடி செஞ்சாச்சு. சரிபாத்துக்கங்க."

நன்றி சொன்னேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் கத்தியை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தேன். மெல்ல ஆறிய இரும்பு. தேவாரத்து ஆசாரியின் வேலை பிசிறில்லாமல் தெரிந்தது. அதற்கு முன்னால் யார் என்ன செய்திருந்தாலும், அதன் அடையாளம் அந்தத் தீயில் அழிந்துவிட்டது.

"எப்படிப் பத்திரப்படுத்த வேண்டுமென்று சொன்னாயா?" என்று கேட்டார் என் பேராசிரியர்.

"சொன்னேன்."

"எழுத்தில்?"

"எழுத்தில்தான்."

"அப்புறம் என்ன? ஊர்க்காரர்களின் அறியாமையால் ஆய்வு மாதிரி கெட்டது என்று போட்டுவிடு."

போட்டேன். பைண்டு செய்த ஆய்வேட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த தாள் அதில் இல்லை.